பகையாளிக்குப் பல் கட்டியவள்

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் எடுப்பானவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அவளுக்கு வரிசையான பல்தான். நாலைந்து பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. மாடியில் ஓர் அறை, ஜன்னலோரம் ஒரு மேசை, மேசை நிறைய ஊர்க்காரர்களின் வாய்கள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பாள். மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். எதிரே வருகிறவர் சிரித்தால் அதில் பாதி தன்னுடைய சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் மூச்சு விடமாட்டாள். அடுத்தவர் வாயைப் பற்றி இவள் வாயைத் திறந்தால் தொழில் படுத்துவிடும்.

இப்படி எல்லோருக்கும் நல்லவளாக இருந்தவளுக்கு ஒரே ஒரு ஆள்மேல் மட்டும் அடங்காத வஞ்சம் இருந்தது. வியாழக்கிழமை தோறும் மத்தியானம் அவள் போய்க் கைகட்டி உட்கார்ந்ததும் அதே ஆளின் கடையில்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த ஆள் வேறு யாருமில்லை, அவளுடைய பெரியப்பா மகன். டிக்கெட் போடுவது, விசாவுக்கு எழுதுவது என்று ஒரு டிராவல்ஸ் கடை வைத்திருந்தான். வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி கட்டித் தருவதில் பெரிய கெட்டிக்காரன். கையில் எந்நேரமும் பழுப்பு டேப் சுருள் ஒன்று வளையல் மாதிரி தொங்கும். அதனால் ஊர் அவனுக்கு டேப்பு என்று பெயர் வைத்தது. வயதில் மூத்தவன் என்பதால் இவளுக்கு டேப் அண்ணன். "நான் கட்டின பெட்டியை ஆகாசத்துலேர்ந்து போட்டாலும் பிரியாது" என்று டிக்கெட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். அவனை முட்டாள் என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே கேட்பான். பெட்டி சரியாகக் கட்டவில்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் சட்டையைப் பிடிக்க வந்துவிடுவான்.

அவளுடைய தம்பி வெளிநாட்டுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனபோது, கிளம்புகிற அன்று டேப் அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். "அங்க நம்ம ஃப்ரெண்டு வீட்டுல கைக்குழந்தை இருக்குடா. பால் பவுடர் டப்பா ரெண்டு, குடுத்துடு" என்றான். அங்கே இறங்கியதும் டப்பாவை அறுத்துப் பார்த்தார்கள். பவுடருக்கு அடியில் மாத்திரை. அந்த நாட்டில் கையில் வைத்திருந்தாலே குற்றமாகிற மாத்திரை. தம்பி உள்ளே போனான். எட்டு வருஷம் என்று தீர்ப்பாயிற்று.

"எனக்கு மட்டும் தெரியுமா? அந்தப் பாவி என்னையும்ல ஏமாத்திட்டான்" என்று டேப் அண்ணன் அம்மா முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அம்மா நம்பிவிட்டாள். பல்லக்கா நம்பவில்லை. அந்த ஃப்ரெண்டுக்கு ஒரு நாள் ஆண் குழந்தை, இன்னொரு நாள் பெண் குழந்தை, மூன்றாம் நாள் விசாரித்தால் ஃப்ரெண்டுக்குக் கல்யாணமே ஆகவில்லை. போலீசில் போய்ச் சொன்னாள். ஆதாரம் கொண்டு வா என்றார்கள். சொந்தக்காரர்களிடம் சொன்னாள். "உனக்கு அவன் வளர்ச்சியைப் பாத்து வயித்தெரிச்சல்" என்றார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிடிபட்ட அன்றைக்குத் தம்பியின் செல்ஃபோனைப் பறித்துக்கொண்டு, சொந்தக்காரர் நம்பர் ஒன்று சொல் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் யாருக்கு நம்பர் ஞாபகம் இருக்கிறது? அக்கா நம்பர், அம்மா நம்பர் எல்லாம் ஃபோனுக்குள் இருந்தன. அவன் தலைக்குள் இருந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து கடைப் பலகையில் பார்த்துப் பார்த்துப் பாடமாகிப்போன டேப் அண்ணன் கடை லேண்ட்லைன். அதைச் சொன்னான், சிறைக்காரர்கள் அதையே பதிந்துகொண்டார்கள். ஒரு கைதிக்கு ஒரு நம்பர், வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிஷம். வேறு ஃபோனுக்குத் திருப்பிவிட்டால் தானாகவே வெட்டிக்கொள்ளும். நம்பரை மாற்ற வேண்டுமென்றால் அந்த நம்பர்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கையெழுத்துதானே? போட்டாப் போச்சு. ஆனா எதுக்கும்மா? இது என்ன அந்நிய வீடா? வந்து உரிமையா உக்காந்து பேசு" என்று சொல்லிச் சொல்லியே டேப் அண்ணன் இரண்டாவது வருஷத்தையும் ஓட்டிவிட்டான். பக்கத்தில் இருந்து கேட்டால்தானே தம்பி எதையும் உளறாமல் பார்த்துக்கொள்ள முடியும்!

ஆக, வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவும் அவளும் கடையில் போய் உட்காருவார்கள். ஃபோன் அடித்ததும் டேப் அண்ணன்தான் எடுப்பான். "எல்லாரும் கேக்கட்டும்" என்று ஸ்பீக்கரில் போடுவான். முதலில் ஒரு பெண் குரல் அந்த ஊர்ப் பாஷையிலும் இங்கிலீஷிலும் என்னவோ ஒப்பிக்கும். ஏர்லைன்ஸ் ஃபோனில் நாளெல்லாம் இந்த மாதிரிக் குரல் கேட்டுப் பழகிய டேப் அண்ணன் அதைக் காதில் வாங்குவதே இல்லை. பிறகு தம்பி வருவான். "சாப்டியாம்மா?" என்பான். அம்மா அழ ஆரம்பிப்பாள். நடுவில் டேப் அண்ணன் புகுந்து, "தைரியமா இருடா, அண்ணன் இருக்கேன்ல" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வான். டிக்கெட் வாங்க வந்தவர்கள், "ஜெயிலுக்குப் போன தம்பியையே கைவிடாத மனுஷன்" என்று உருகிப்போய் இன்னும் இரண்டு டிக்கெட் போடுவார்கள்.

"அவன் மட்டும் இல்லேன்னா என் புள்ள குரலைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன்" என்பாள் அம்மா, திரும்பி வரும்போது.

பல்லக்கா நடையை எட்டிப் போடுவாள். மாடிக்கு வந்து, யாருடைய தாடையையாவது எடுத்து வைத்துக்கொண்டு ராவுவாள். ராவும்போது டேப் அண்ணனை விதவிதமாகக் கொல்லுவாள். டீயில் பிளாஸ்டரைக் கலப்பாள். அவனுடைய டேப்பாலேயே தலையிலிருந்து கால்வரை சுற்றி, 'கவனம், உடையும் பொருள்' என்று எழுதிக் கப்பலில் ஏற்றுவாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்த லேண்ட்லைன் குறுக்கே வந்துவிடும். அவன் கடைக்கு ஒன்று ஆனால் தம்பியின் குரலுக்கும் ஆகும். இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறானே என்று இன்னும் இரண்டு மடங்கு எரியும்.

அப்படி இருக்கையில்தான் டேப் அண்ணன் ஒரு நாள் கடையில் நாலு பேர் பார்க்க சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறந்தான். மூடி வந்தது, கூடவே முன்பல் நாலும் வந்தன. அதற்கப்புறம் அவன் பேச்சு காற்றுப்போன டியூப் மாதிரி ஆகிவிட்டது. பாஸ்போர்ட் என்று அவன் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு வழியில்லாமல் ஒரு வியாழக்கிழமை அச்சுக் கொடுக்க டாக்டரிடம் போய்விட்டான். கடையில் அவன் பெண்டாட்டி மட்டும் இருந்தாள். அண்ணிக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது. ஃபோனை இவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு வாசலில் யாரோடோ பேசப் போய்விட்டாள். முதல் தடவையாக அக்காவும் தம்பியும் காவல் இல்லாமல் பேசினார்கள்.

"அக்கா, போன வாரம் அந்த ஆபீசரை எருமைன்னு திட்டினல்ல?"

"ஆமா. உன் போர்வையைப் பிடுங்கிட்டான்னு சொன்னியே. எருமையேதான்."

"மெதுவா! என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்கக்கா. ஆரம்பத்துல ஒரு பொம்பள குரல் பேசுதில்ல, இந்தப் பேச்சு பதிவாகுதுன்னுதான் அது சொல்லுது. நம்ம பாஷை தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து கேட்டு, ஒரு வார்த்தை விடாம அவங்க பாஷையில எழுதித் தர்றாரு. எருமைன்னு எழுதிட்டு, பக்கத்துல 'இங்கே மிருகத்தைக் குறிப்பிடவில்லை, சுரணை இல்லாத மனிதர் என்று பொருள்'னு விளக்கம் வேற!"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பல்லக்காவுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"எல்லாத்தையுமா எழுதறாரு?"

"எல்லாத்தையும். அண்ணன் பேசற இடத்துல மட்டும் 'தெளிவில்லை, தெளிவில்லை'ன்னு போட்டிருக்காரு. ஆபீசர் காட்டினாரு. அவருக்கு என்ன பல்லு விழுந்துடுச்சா?" தம்பி சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணுக்கா. கேஸைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாத. இங்க இருக்கற எனக்குத் தனிக்கொட்டடி, ஃபோன் கட். எத்தனை மாசம்னு சொல்ல மாட்டாங்க."

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து வந்த பையில் ஓர் அச்சு இருந்தது. மேல் தாடை, முன்னால் நாலு பல் காலி. சீட்டில் டேப் அண்ணன் பெயர்.

பிளாஸ்டரை வார்த்து, தாடை இறுகியதும் கையில் எடுத்துப் பார்த்தாள். தம்பியை எட்டு வருஷத்துக்கு விற்ற வாய் அவள் உள்ளங்கையில் அடக்கமாக இருந்தது. கடைவாயில் ஒரு ஓரம் மயிரிழை உயர்த்தினால் போதும், ஆயுசுக்கும் தலைவலி. கம்பியைக் கொஞ்சம் இறுக்கினால் பக்கத்துப் பல்லும் ஆடிப்போகும். அரத்தை எடுத்தவள் அரை மணி நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தெளிவில்லை, தெளிவில்லை என்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. எங்கேயோ ஓர் அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத அந்த நம்மவர், இந்த வாய் பேசுவது புரியாமல் பேனாவை வைத்துவிடுகிறார்.

இந்த வாய் நன்றாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்தாள்.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு பல் செட்டை அவள் செய்ததில்லை. பல்லின் முதுகுப்பக்கத்தை இழைத்து இழைத்து மெலிதாக்கினாள், நாக்கு தடங்கலில்லாமல் ஏறி இறங்குவதற்காக. பொருத்திப் பார்க்கிற அன்று கிளினிக்குக்கே போய் நின்றாள்.

"சொல்லுங்கண்ணே, சாவி."

"சாவி."

"சூட்கேஸ். பார்சல்."

"சூட்கேஸ். பார்சல்." டேப் அண்ணன் கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போனான். "தங்கச்சின்னா தங்கச்சி! ரத்த பாசம் எங்க போகும்!"

"இவ்வளவு மெனக்கெட்டு நீ யாருக்கும் செஞ்சதில்லையே" என்றாள் டாக்டரம்மா.

"ரொம்ப வேண்டியவர் டாக்டரம்மா" என்றாள் பல்லக்கா.

பல் தயார், வாய் தயார். ஆனாலும் வாரங்கள் போய்க்கொண்டே இருந்தன. வியாழக்கிழமை காலையில் அம்மா தலைவாரி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, குரலைக் கேட்கப் போகிறவள், முகத்தையே பார்க்கப் போகிறவள் மாதிரி கிளம்புவாள். அதைப் பார்த்ததும் பல்லக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவனைக் கவிழ்க்கிற அன்றைக்கு அந்தக் குரலும் போய்விடும். போனால் எப்போது திரும்பும்? அந்தக் கொட்டடியில் தம்பி என்ன ஆவான்? அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை, கடைக்குள் நுழையும்போதே டேப் கிழிகிற சத்தம் கேட்டது. வேலைக்குப் போகிற ஒரு புது மாப்பிள்ளை பயண உடுப்போடு நின்றுகொண்டிருந்தான். டேப் அண்ணன் அவனுக்கு ஓர் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"அங்க நம்ம ஃப்ரெண்டு வீட்டுல கைக்குழந்தை. பால் பவுடர், வேற ஒண்ணுமில்ல."

அந்தக் குழந்தை இன்னுமா வளரவில்லை என்று பல்லக்காவுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. அதே நேரத்தில் ஃபோன் அடித்தது. பெண் குரல் ஒப்பித்து முடித்தது. தம்பி வந்தான்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தம்பி, உன்மேல ஒரு தப்பும் இல்லடா. அந்தப் பெட்டியைக் கட்டினவன் கட்டின லட்சணம் அப்படி."

"அக்கா! வேண்டாம்..."

"டப்பாவைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருப்பாங்க. கத்துக்குட்டி வேலை. பிஞ்சு போன செருப்பைத் தைக்கிற மாதிரி ஒட்டியிருப்பான்."

டேப் அண்ணன் நிமிர்ந்தான். "யாரைச் சொல்ற?"

"உங்களை இல்லண்ணே. உங்க ஃப்ரெண்டு, கல்யாணம் ஆகாமலே பிள்ளை பெத்தாரே, அவரை. பாவம், அவருக்குப் பொட்டலம்கூட மடிக்கத் தெரியாது போல."

வரிசையில் நின்ற இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனைக் கிளப்பிவிட்டது.

"பொட்டலமா? உனக்கு என்ன தெரியும்? சும்மா தெரிஞ்ச மாதிரி பேசாத."

"தெரியாமத்தானே அண்ணே மாட்டினான்? நீங்க கட்டியிருந்தா மாட்டியிருப்பானா? யாரோ வேலை தெரியாத பய..."

"யாருடி வேலை தெரியாத பய?" டேப் அண்ணன் மேசையில் ஓங்கி அடித்தான். "டப்பா அடியை அறுத்து, மாத்திரையை அடுக்கி, தகடு வச்சு மூடி, மேல லேபிளை ஒட்டினேன். என் பெண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியல! எத்தனை பேர் கையில குடுத்து அனுப்பியிருக்கேன், ஒருத்தன் மாட்டினானா? சரக்குல குறை இல்ல, சீல்ல குறை இல்ல. இவன் ஒண்ணுந்தெரியாம பேந்தப் பேந்த முழிச்சான், அதுல மாட்டினான்!"

சரக்கு, சீல், மாத்திரை எல்லாம் வெண்கல மணி மாதிரி கணீரென்று விழுந்தன.

"ஏங்க!" என்றாள் அண்ணி.

லைன் வெட்டிக்கொண்டது. ஸ்பீக்கரில் வெறும் 'கொய்ங்' மட்டும் வந்தது. புது மாப்பிள்ளை அட்டைப்பெட்டியைத் தொடாமல் பின்பக்கமாகவே நடந்து கடையை விட்டு நழுவினான்.

"ஒரு எழுத்துகூடச் சிதறலண்ணே. நல்லா கட்டியிருக்கேன்ல?" என்றாள் பல்லக்கா.

"என்ன உளறுற?"

"பல்லைச் சொன்னேன். இந்த ஃபோன்ல பேசறதை அங்க நம்ம பாஷைக்காரர் ஒருத்தர் உக்காந்து ஒரு வார்த்தை விடாம எழுதிக் குடுக்கறாரு. பல்லு இல்லாதப்ப நீங்க பேசறது மட்டும்தான் அவருக்குப் புரியல. இன்னைக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும்."

டேப் அண்ணன் ஃபோனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. இனிமேல் பொத்தி என்ன பிரயோஜனம்?

அம்மா அவனைப் பார்க்கவேயில்லை, வெட்டுப்பட்ட ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் ஒன்றே ஒன்று சொன்னாள். "உன் ஆத்திரத்துக்கு என் புள்ள குரலைக் குடுத்துட்டியேடி." அதற்கப்புறம் பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவாள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம், அங்கே எழுதிக் கொடுத்த தாளின் நகலோடு டேப் அண்ணன் கடைக்கு ஆபீசர்கள் வந்தார்கள். கம்ப்யூட்டரையும் புது மாப்பிள்ளை விட்டுப்போன பெட்டியையும் அவனுடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கடை ஷட்டர் பாதியில் நின்றது. தினம் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வயித்தெரிச்சல் என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லாம், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அண்ணி மாடிப்படி ஏறி வந்து, "குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாம்னு சொல்றாரு" என்றாள்.

"அவர் பேசினதே போதும்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் பல்லக்கா.

சொல்லும்போது வெல்லமாக இனித்தது. அண்ணி படி இறங்கியபின் அரத்தைக் கையில் எடுத்து, திரும்பக் கீழே வைத்தாள். அவன் கவிழ்ந்தான், சரி. ஆனால் தம்பி எங்கே? தனிக்கொட்டடியில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பானோ? இந்தக் காரியத்துக்கு அவள் அவனைக் கேட்கக்கூட இல்லையே. வேண்டாம் என்று அவன் கத்தியது காதிலேயே நின்றது. தூதரகத்துக்கு ஃபோன் போட்டால், விசாரணையில் இருக்கிறது என்பார்கள். வியாழக்கிழமை வந்தால் வேலை ஓடாது. ஒரு பெரியவருடைய கடைவாய்ப் பல்லைத் தேவைக்கு மேல் ராவிவிட்டு, திரும்பவும் மெழுகிலிருந்து ஆரம்பித்தாள்.

டேப் அண்ணன் மேலிருந்த கோபம் மட்டும் இறங்கவில்லை. கடை போனதெல்லாம் போதாது என்று தோன்றியது. தம்பி எண்ணுகிற ஒவ்வொரு வியாழக்கிழமைக்கும் அவனிடமிருந்து ஒரு பல்லாகப் பிடுங்க வேண்டும் என்று தோன்றியது.

மழைக்காலம் முடிந்து, அவள் ஈறுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளுடைய செல்ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்ததும் பெண் குரல் ஒப்பித்தது. மெழுகை அப்படியே விட்டுவிட்டு, "அம்மா!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கினாள்.

"அக்கா" என்றான் தம்பி. குரல் மெலிந்திருந்தது. "அந்தக் கடை நம்பரை இவங்களே எடுத்துட்டாங்க. வேற நம்பர் கேட்டாங்க. தூதரகத்துல உன் நம்பரை வாங்கிக் குடுத்தாங்க."

"கொட்டடியில போட்டாங்களாடா?"

"போட்டாங்க. இப்ப வெளிய விட்டுட்டாங்க. கேஸை மறுபடியும் எடுத்துப் பாக்கறாங்களாம். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அதுக்கு மேல கேக்காத."

"என்மேல கோவமா?"

அம்மா பக்கத்தில் வந்து நின்று, ஃபோனை வாங்கக் கையை நீட்டினாள்.

"கோவம்தான். இல்லாம இருக்குமா? மூணு மாசம் சுவத்தோட பேசினேன்." பிறகு அவனே பேச்சை மாற்றினான். "அதை விடு. அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, சொல்லு. உள்ள இருந்த நாளெல்லாம் அதையேதான் நினைச்சுப் பாத்தேன். கொஞ்சம்கூட விடாம சொல்லு."

பல்லக்கா படியிலேயே உட்கார்ந்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள். மேசையில் அடித்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவன் ஃபோனைப் பார்த்தது, வாயைப் பொத்தியது, வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது எல்லாம் சொன்னாள். கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். தம்பி அந்தப் பக்கம் மூச்சுக்கூட விடாமல் கேட்டான். இடையிடையே, "அப்புறம்? அப்புறம்?" என்றான்.

"மூக்குக்கண்ணாடியைத் துடைச்சான்னு சொன்னேனா? கண்ணாடியைக் கழட்டி..."

"கழட்டல" என்றாள், அன்றைக்கு அவன் பக்கமே திரும்பாத அம்மா. மூன்று மாதத்தில் மகளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "அது தானா மூக்குலேர்ந்து இறங்கிச்சு. முழங்கால் ரெண்டும் கிடுகிடுன்னு ஆடிச்சு. நாற்காலின்னு நினைச்சு அந்தப் பால் பவுடர் பெட்டிமேலயே உக்காந்தான், பெட்டி நசுங்கி..."

"பிரிஞ்சிடுச்சா?" தம்பி கத்தினான்.

"பின்ன? பிரிஞ்சுதான்..."

லைன் போய்விட்டது, பத்து நிமிஷம் முடிந்திருந்தது. அவன் சாப்பிட்டானா, உடம்புக்கு எப்படி இருக்கிறது, போர்வை திரும்பக் கிடைத்ததா, ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே மெழுகு கருகுகிற வாசம் வந்தது. பல்லக்கா எழுந்தாள்.

"அடுத்த வாரம் நான்தான் சொல்வேன்" என்றாள் அம்மா. "நீ பாதியை விட்டுட்ட."